பெயரே முகவரி



கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தொடுகிறோம். மின்சாரக் கட்டணம் எவ்வளவு பாக்கி என்பது கண்ணிமைக்கும் நேரத்தில் தெரிந்துவிடுகிறது. இன்னொன்றைத் தொட்டால், வெளியூரில் படிக்கும் மகளுக்கு அனுப்பிய பணம் போய்ச் சேர்ந்ததா என்று தெரிகிறது. நாம் இருப்பதோ புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ ஜெராமிலோ உள்ள ஒரு செம்பனைத் தோட்டம். பதில் சொல்லும் கணினி இருப்பது எங்கோ ஓர் ஊர். சில வேளைகளில் வேறு நாடு. ஆயினும் நாம் விரலை எடுப்பதற்குள் பதில் வந்து நிற்கிறது.

இப்படிப் பலருடைய வேண்டுகோளையும் கேட்டு வேலை செய்து கொடுக்கும் கணினிக்குச் 'சர்வர்' என்று பெயர். 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சர்வரும் இந்தச் சர்வரும் ஒரே சொல்தான். உணவுக்கடைச் சர்வரிடம் 'தோசை', 'தேத்தண்ணி' என்று நாம் சொல்வதுபோல, கணினிச் சர்வரிடம் நம் கைப்பேசி ஒரு கட்டளைச் சொல்லைச் சொல்லுகிறது. 'கொடு', 'வை', 'அழி', 'எண்ணிச் சொல்' என்பன போன்ற சொற்கள் அவை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தனி வேலை உண்டு.

இத்தாலியரான சால்வதோரே சான்ஃபிலிப்போ என்பவர் 2009-இல் வெளியிட்ட 'ரெடிஸ்' என்னும் சர்வர் மென்பொருளை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதற்கு இருநூறுக்கு மேற்பட்ட கட்டளைச் சொற்கள் தெரியும். வந்து சேர்ந்த சொல் அந்த இருநூற்றில் எது என்பதை அது எப்படி அவ்வளவு விரைவாகக் கண்டுகொள்கிறது? இதுவே இந்த இதழில் நாம் காணப்போகும் பொருள்.

"இது பொறியியலாளர் கவலை அல்லவா? நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணம் உண்டு. இதற்குள் இருக்கும் கணக்கு, உங்கள் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் போடும் வகுத்தல் கணக்கே என்பது ஒன்று. படிவத்தில் ஓர் எழுத்து மாறினால் ஏன் அவ்வளவு அலைச்சல் வருகிறது என்பது இதைத் தெரிந்துகொண்டால் விளங்கும் என்பது மற்றொன்று.

ஒவ்வொன்றாய்த் தேடினால்

விடியற்காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிராணியின் கையில் செக்ரோல். அதில் 200 பெயர்கள். ஒருவர் வந்து, "சரோஜா இன்று வேலைக்கு வந்தாரா?" என்று கேட்கிறார். பெயர்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் எழுதப்பட்டிருந்தால், கிராணி முதல் வரியில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். நல்ல காலம் இருந்தால் முதல் பெயரே சரோஜா. இல்லாவிட்டால் இருநூறாவது பெயர். சராசரியாகப் பார்த்தால் ஏறத்தாழ 100 பெயர்களைப் பார்த்தாக வேண்டும்.

கணினியும் இப்படித் தேடலாம். ஆனால் ஒரு நொடிக்குள் 10,000 கட்டளைகள் வந்து குவிந்தால், கட்டளை எது என்று கண்டுபிடிக்க மட்டுமே 10 லட்சம் ஒப்பீடுகள் தேவைப்படும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். சோறு வடிக்குமுன் அடுப்பு மூட்டுவதிலேயே பொழுது போய்விடும்.

அகராதியைப் போல எழுத்து வரிசையில் அடுக்கி வைத்தால் எளிதாகும். நடுப்பக்கத்தைத் திறந்து, வேண்டிய சொல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்த்து, பாதியைத் தள்ளிவிடலாம். மீதியில் மறுபடி பாதி. இப்படிச் செய்தால் 200 சொற்களில் எட்டே பார்வையில் எதையும் கண்டுவிடலாம். இது நல்ல முறைதான். பல இடங்களில் பயன்படுகிறது. ஆனாலும் எட்டு முறை பார்த்தாக வேண்டும். தேடாமலே நேராகச் சரியான இடத்தைத் திறக்க வழி உண்டா?

அஞ்சல் குறியீடும் ராகத்தின் எண்ணும்

கோலசிலாங்கூருக்கு அஞ்சல் குறியீடு 45000. தஞ்சோங் காராங்கிற்கு 45500. முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அறிந்த பெஸ்தாரி ஜெயாவிற்கு 45600. புக்கிட் ரோத்தானுக்கு 45700. எண்ணைப் பார்த்ததும் அஞ்சல் ஊழியர் கடிதத்தை நேராக அதற்குரிய பையில் போட்டுவிடலாம், தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணை யாரோ ஊருக்குக் கொடுத்திருக்கிறார்கள். 'புக்கிட் ரோத்தான்' என்ற பெயரை எத்தனை முறை உரக்கப் படித்தாலும் 45700 அதிலிருந்து வராது. நாம்தான் மனனம் செய்ய வேண்டும்.

பெயரிலிருந்தே எண் பிறந்தால் எப்படி இருக்கும்? அதற்கு நம் கருநாடக இசையிலேயே ஓர் அழகான சான்று இருக்கிறது. கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் வாசிப்போரைக் கேட்டால் சொல்வார்கள். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி, தாய் ராகங்களை 72 மேளங்களாக வகுத்தார். இன்று வழக்கிலுள்ள கனகாங்கி முதல் ரஸிகப்ரியா வரையிலான பெயர் வரிசையைக் கோவிந்தாச்சாரியாரின் 'சங்கிரக சூடாமணி'யில் காணலாம். அந்தப் பெயர்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'கடபயாதி' என்னும் பழைய முறைப்படி ஒவ்வொரு மெய்யொலிக்கும் ஓர் எண் உண்டு. பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்குரிய எண்களை எடுத்துத் திருப்பிப் போட்டால், அதுவே அந்த ராகத்தின் வரிசை எண்.

இசை பயிலும் பிள்ளைகள் முதன்முதலில் பாடும் மாயாமாளவகௌளையைப் பாருங்கள். 'மா' என்பதில் உள்ள ம-வுக்கு 5. 'யா'-வில் உள்ள ய-வுக்கு 1. சேர்த்தால் 51. திருப்பினால் 15. மாயாமாளவகௌளை 15-ஆவது மேளம்! கனகாங்கியில் க-வுக்கு 1, ன-வுக்கு 0. திருப்பினால் 01, அதாவது முதல் மேளம். ரஸிகப்ரியாவில் ர-வுக்கு 2, ஸ-வுக்கு 7. திருப்பினால் 72, கடைசி மேளம். பட்டியலைப் புரட்ட வேண்டியதே இல்லை. பெயரைச் சொன்னதும் இடம் தெரிந்துவிடுகிறது. பெயரே முகவரி.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். நாம் 'கல்யாணி' என்று சொல்லும் ராகத்திற்கு மேள வரிசையில் 'மேசகல்யாணி' என்று பெயர். ம-வுக்கு 5, ச-வுக்கு 6, திருப்பினால் 65. 'சங்கராபரணம்' அங்கே 'தீரசங்கராபரணம்'. வடமொழியில் த நான்கு வகையாக ஒலிக்கும், 'தீர' என்பதன் முதல் ஒலிக்கு 9, அடுத்த ர-வுக்கு 2, திருப்பினால் 29. 'தோடி' அங்கே 'ஹனுமத்தோடி'; ஹ-வுக்கு 8, ன-வுக்கு 0; திருப்பினால் 08. வாய்பாட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகவே ராகத்தின் பெயருக்கு முன்னால் ஒரு சொல் ஒட்டப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மீண்டும் தேவைப்படும்.

லூனின் யோசனை

கணினி உலகில் இந்த வழியை எழுத்தில் வடித்தவர் ஹான்ஸ் பீட்டர் லூன். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். தொடக்கத்தில் நெசவுத் தொழிலோடு தொடர்புடையவர். துணியில் எத்தனை இழை என்று எண்ணிப் பார்க்கும் ஒரு கருவியையும் செய்தவர். பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றினார். 1953-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் தம் நிறுவனத்தாருக்கு எழுதிய ஒரு குறிப்பில், பதிவுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துவைத்து, பெட்டியின் எண்ணைக் கணக்கிட்டே கண்டுகொள்ளலாம் என்று கூறினார். வங்கி அட்டையின் கடைசி இலக்கத்தைக் கொண்டு, எண்ணை யாரேனும் தவறாக அழுத்திவிட்டார்களா என்று சோதிக்கும் கணக்கும் அவருடையதே. உங்கள் பையில் உள்ள அட்டையில் லூன் இருக்கிறார்.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் 'ஹேஷ்' என்று பெயர் வந்தது. ஹேஷ் என்றால் கொத்திக் கலப்பது. கொத்துப் பரோட்டா செய்கிறவர் பரோட்டாவைக் கொத்திக் கிளறுவதுபோல, சொல்லின் எழுத்துகளைக் கொத்திக் கிளறி ஓர் எண்ணாக்குவதால் இந்தப் பெயர். நாம் அதைக் 'கொத்து எண்' என்று அழைப்போம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்கு 'யூனிகோட்' என்று பெயர். 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. அதன்படி ர-வுக்கு 2992. வ-வுக்கு 2997. இகரக் கொக்கிக்கு 3007.

இப்போது நம்மிடம் 13 பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றின் எண்கள் 0 முதல் 12 வரை. 'ரவி' என்ற சொல் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும்?

எளிய வழி, எண்களைக் கூட்டுவது. 2992, 2997, 3007 மூன்றையும் கூட்டினால் 8996. அதை 13-ஆல் வகுத்தால் 692 முறை சரியாகப் போகிறது, மீதம் 0. ஆகவே ரவிக்கு 0-ஆம் பெட்டி. சரி, 'வரி' என்ற சொல்லுக்கு? அதே மூன்று எண்கள், வரிசைதான் வேறு. கூட்டினால் அதே 8996. அதே 0-ஆம் பெட்டி. ரவியும் வரியும் ஒரே பெட்டியில் விழுந்துவிட்டன. வெறும் கூட்டலுக்கு எழுத்தின் வரிசை தெரியவில்லை.

ஆகவே இன்னொரு வழி. முதல் எழுத்தின் எண்ணை 31-ஆல் பெருக்கி, அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்டுங்கள். வந்ததை மறுபடி 31-ஆல் பெருக்கி, அதற்கடுத்த எண்ணைக் கூட்டுங்கள்.

ரவி: 2992-ஐ 31-ஆல் பெருக்கினால் 92,752. அதனோடு 2997 சேர்த்தால் 95,749. அதை 31-ஆல் பெருக்கி 3007 சேர்த்தால் 29,71,226. இதை 13-ஆல் வகுத்தால் மீதம் 11.

வரி: 2997-ஐ 31-ஆல் பெருக்கினால் 92,907. அதனோடு 2992 சேர்த்தால் 95,899. அதை 31-ஆல் பெருக்கி 3007 சேர்த்தால் 29,75,876. இதை 13-ஆல் வகுத்தால் மீதம் 7.

ரவிக்கு 11-ஆம் பெட்டி. வரிக்கு 7-ஆம் பெட்டி. பிரிந்துவிட்டன. இது நான் கட்டிய விளையாட்டுக் கணக்கு அன்று. 'ஜாவா' என்னும் கணினி மொழி சொற்களுக்குக் கொத்து எண் காண்பதற்கு இப்படித்தான் 31-ஆல் பெருக்கிக்கொண்டே போகிறது. 'ரவி' என்று கொடுத்தால் அதுவும் 29,71,226 என்றே சொல்லும்.

வகுத்தல் பாடத்தில் மீதம் வந்தால் பிள்ளைகள் முகம் சுளிப்பது உண்டு. 'சரியாகப் போகவில்லையே' என்பார்கள். இங்கே ஈவை யாரும் கேட்பதில்லை. மீதம்தான் வீட்டு எண்.

ஒரே பெட்டியில் இருவர்

சொற்கள் மிகுந்தால் சில வேளைகளில் இரண்டு சொற்களுக்கு ஒரே மீதம் வரத்தான் செய்யும். அது தவிர்க்க முடியாதது. ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமைய வாய்ப்புப் பாதிக்கு மேல். 365 நாட்கள் இருந்தும் 23 பேரே போதும்! பெட்டிகளிலும் அதே கதைதான்.

அப்போது என்ன செய்வது? பெட்டிக்குள் இரு சொற்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்துக்கொள்ளலாம். பெட்டியைத் திறந்ததும், வந்த சொல்லும் உள்ளிருக்கும் சொல்லும் ஒன்றுதானா என்று எழுத்துக்கு எழுத்து சரிபார்க்க வேண்டும். 200 சொற்களோடு ஒப்பிட்ட இடத்தில் இப்போது ஒன்றோ இரண்டோ சொற்களோடு ஒப்பிட்டால் போதும். பெட்டி காலியாக இருந்தாலோ, 'இப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது' என்று உடனே சொல்லிவிடலாம். பெட்டிகள் நிறைந்து நெருக்கடி வந்தால் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, எல்லாருக்கும் புது இடம் கணக்கிட வேண்டும். ரெடிஸ் இந்தக் குடிமாற்றத்தை ஒரே நாளில் லயத்தையே காலி செய்வதுபோலச் செய்யாமல், வேலைக்கு இடையூறில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறது.

எந்த வாய்பாட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் திறமை. முதல் எழுத்துப்படி பெட்டி வைக்கலாமே என்று தோன்றும். நம் தோட்டத்துப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். முனியம்மா, மாரியம்மா, மாரிமுத்து, முனியாண்டி, முருகையா, மீனாட்சி, மணியம். 'ம' பெட்டி பிதுங்கி வழியும். 'ஔ' பெட்டியில் சிலந்திதான் குடியிருக்கும். எல்லாப் பெட்டிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு விழும்படிச் செய்வதே நல்ல வாய்பாடு.

பெயரையே நீட்டிய கதை

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவர் 'பி.எச்.பி.' என்னும் கணினி மொழியை 1995-இல் வெளியிட்டார். இணையத்தின் எண்ணற்ற பக்கங்கள் அம்மொழியால் ஆனவை. அதன் கட்டளைப் பெயர்களில் சில குட்டையாகவும் சில விசித்திரமாக நீண்டும் இருப்பதைப் பலர் கேலி செய்ததுண்டு. 2013-இல் அவரே ஒரு காரணத்தை எழுதினார். தொடக்கக் காலத்தில் அம்மொழியில் நூற்றுக்கும் குறைவான கட்டளைகளே இருந்தனவாம். எந்தப் பெட்டி என்று முடிவு செய்ய அவர் பயன்படுத்திய கொத்து எண், பெயரில் எத்தனை எழுத்து என்ற எண்ணிக்கைதான்! நான்கு எழுத்துப் பெயர்களெல்லாம் ஒரு பெட்டி. ஐந்தெழுத்துப் பெயர்கள் இன்னொரு பெட்டி. ஒரே பெட்டியில் கூட்டம் சேராமல் இருக்க, வெவ்வேறு நீளத்தில் அமையும்படி பெயர்களைத் தேர்ந்தெடுத்தாராம். வாய்பாடு பின்னர் மாறிவிட்டது. பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன.

கல்யாணி 'மேசகல்யாணி' ஆனதும் இதுவும் ஒரே வழி அல்லவா? வாய்பாட்டுக்கு ஏற்பப் பெயரை மாற்றினார்கள். இதற்கு எதிர்வழியும் உண்டு. சர்வரின் கட்டளைச் சொற்கள் எவை என்பது முன்கூட்டியே தெரியும். ஆகையால், பெயர்களைத் தொடாமல், அந்தப் பெயர்களுக்குள் மோதலே வராத ஒரு வாய்பாட்டைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். டக்ளஸ் ஷ்மிட் என்பவர் எழுதிய 'ஜிபெர்ஃப்' என்னும் மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. சொற்பட்டியலைக் கொடுத்தால், ஆளுக்கொரு பெட்டி அமையும்படியான வாய்பாட்டை அது திருப்பித் தரும். 72 மேளத்துக்கு 72 இடம் போல.

வேண்டுமென்றே ஒரே வரிசையில்

இந்த முறைக்கு ஒரு பகையும் உண்டு. சம்பள நாளில் பத்துச் சன்னல் திறந்திருக்கிறது என்று வையுங்கள். யார் எந்தச் சன்னலுக்குப் போக வேண்டும் என்ற விதி எல்லாருக்கும் தெரியும். கெட்ட எண்ணம் கொண்ட ஒருவன், ஒரே சன்னலுக்கு உரிய பெயர்களாகப் பொறுக்கி ஆட்களை அனுப்பினால்? ஒன்பது சன்னல் வெறிச்சோடி நிற்க, ஒன்றில் கூட்டம் நெரியும், வேலை நின்றுவிடும்.

கணினியிலும் இப்படிச் செய்ய முடியும் என்று அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் 2003-இல் எழுதிக் காட்டினர். எச்சரிக்கையைப் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2011 டிசம்பரில் பெர்லின் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியன் வெல்டே இருவரும், ஒரே பெட்டியில் விழும்படி பொறுக்கிய சொற்களை அனுப்பிப் பல சர்வர்களைத் திணறடிக்கலாம் என்று விளக்கினார்கள். பி.எச்.பி., ஜாவா, மைக்ரோசாஃப்டின் மென்பொருள் எல்லாம் அதில் மாட்டின. மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு முடிவதற்குள் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. 2012-இல் ஜான்-பிலிப் ஒமாசோனும் டேனியல் பெர்ன்ஸ்டைனும் 'சிப்ஹேஷ்' என்னும் புதிய வாய்பாட்டைத் தந்தார்கள். அதில் ஒவ்வொரு சர்வரும் தனக்கென ஓர் இரகசிய எண்ணை வைத்துக்கொள்ளும். அந்த எண் தெரியாதவனுக்கு எந்தச் சொல் எந்தப் பெட்டியில் விழும் என்று தெரியாது. ரெடிஸும் பின்னர் இம்முறைக்கே மாறிற்று.

நமக்கு இதில் என்ன?

இனி, நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

கொத்து எண்ணுக்கு 'கிட்டத்தட்ட' என்ற பேச்சே கிடையாது. ரவியும் வரியும் எப்படிப் பிரிந்தன என்று பார்த்தோம். ஓர் எழுத்து மாறினால் பக்கத்துப் பெட்டி அன்று. எங்கோ ஒரு பெட்டி. கிராணியாவது, "இது நம் முனியம்மாதானே" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். கணினிக்கு முகம் தெரியாது. கொத்து எண் முறையானாலும் அகராதி முறையானாலும், எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் கணினிக்கு ஒரு புள்ளி மாறினாலும் அது வேறு பெயர்தான்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதுகூட அதற்கு வேறாக இருக்கலாம். 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க இயலும். க-வோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாக, 3018 என்று சேர்ப்பது ஒன்று. க-வோடு ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டு எண்களாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் 'கொ'தான். கொத்து எண் மட்டும் வேறு. இவ்விரண்டும் சமம் என்று யூனிகோட் விதித்திருக்கிறது. ஆகவே கவனமுள்ள மென்பொருளாளர் முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவாக்கிவிட்டுப் பிறகுதான் கொத்து எண் காண்பார். ஆனால் 'ஔவை' என்பதற்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்தைத் தட்டி 'ஒளவை' என்று எழுதினால், அதை எந்த விதியும் காப்பாற்றாது. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய நம் மலேசியர் முத்து நெடுமாறன் போன்றோரின் உழைப்பால் நாம் இன்று கைப்பேசியிலும் தமிழ் எழுதுகிறோம். அதைச் சரியாக எழுதப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது நம் கடமை.

தமிழ் எழுத்திலேயே இப்படி என்றால், ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட நம் பெயர்களின் நிலை என்ன? அக்காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளின் பெயரை யாரோ ஒருவர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். முனியம்மாவின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி. பள்ளிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. ஒன்றில் 'யு', ஒன்றில் 'ஏ'. ஒன்றின் கடைசியில் 'எச்', மற்றொன்றில் இல்லை. தந்தை பெயருக்கு முன்னால் வரும் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்பது ஓரிடத்தில் சாய்கோட்டோடு சுருங்கியிருக்கும், ஓரிடத்தில் விடுபட்டிருக்கும். மனிதருக்கு இவையெல்லாம் ஒரே முனியம்மா. கணினிக்கு நான்கு பேர். சேமநிதிப் பணமோ உதவித்தொகையோ கேட்டுப் போகும்போதுதான் இந்த நால்வரும் எதிரில் வந்து நிற்கிறார்கள்.

ஒலி ஒத்த பெயர்களை வேண்டுமென்றே ஒரே பெட்டியில் விழச் செய்யும் வாய்பாடும் உலகில் உண்டு. அமெரிக்கரான ராபர்ட் ரசல் 1918-இலேயே அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 'சவுண்டெக்ஸ்' என்ற பெயரில் வழங்கும் அம்முறை, முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளையும் 'எச்' எழுத்தையும் விட்டுவிடுகிறது. ஆகையால் முனியம்மாவின் பெயரை மேலே சொன்னபடி எப்படிக் கூட்டி எழுதினாலும் ஒரே குறியீடு வரும். ஆனால் உங்கள் படிவத்தைப் பார்க்கும் கணினி அந்த முறையைப் பின்பற்றும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே, வாசகர்களே, சில சொற்கள். எந்தப் படிவத்திலும் மைகாட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். குழந்தை பிறந்ததும் பெயரைப் பதிவதற்கு முன், ரோமன் எழுத்தில் அது எப்படி அமையும் என்பதைக் குடும்பத்தார் கூடித் தாளில் எழுதி முடிவு செய்யுங்கள். தாய், தந்தையர் பெயர் அவர்களுடைய அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று கையொப்பமிடுமுன் பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கம் எதுவும் இல்லை. பத்திரங்களில் பெயர் மாறியிருப்பது தெரிந்தால், பணி ஓய்வுவரை காத்திராமல் இப்போதே திருத்தம் கேளுங்கள். பெயரோடு 12 இலக்க அடையாள எண்ணையும் எப்போதும் சேர்த்தே கொடுங்கள். எண்ணுக்கு எழுத்துக்கூட்டல் தகராறு இல்லை.

மாணவர்களுக்கு

க், ங், ச், ஞ் என்று மெய்யெழுத்துகளை வரிசையாக எண்ணினால் க-வுக்கு 1, த-வுக்கு 7, வ-வுக்கு 14. உயிர்க்குறிகளை விட்டுவிடுங்கள். உங்களிடம் 0 முதல் 4 வரை ஐந்து பெட்டிகள். முதல் எழுத்தின் எண்ணை 2-ஆல் பெருக்கி அடுத்ததைக் கூட்டுங்கள். வந்ததை மறுபடி 2-ஆல் பெருக்கி அதற்கடுத்ததைக் கூட்டுங்கள். பின் 5-ஆல் வகுத்து மீதம் காணுங்கள். 'கதவு', 'தகவு' என்னும் சொற்கள் எந்தப் பெட்டிகளில் விழும்? வெறுமனே கூட்டினால் என்ன ஆகும்?

விடை: கதவு 32, மீதம் 2. தகவு 44, மீதம் 4. வெறுமனே கூட்டினால் இரண்டும் 22. இரண்டும் 2-ஆம் பெட்டியில் மோதிக்கொள்ளும்.

இடம் மாற்றினால் வேறு சொல்லாகும் இத்தகைய இணைகள் தமிழில் இன்னும் பல உண்டு. உங்கள் வகுப்பில் தேடிப் பாருங்கள்.